கைவிசேடத்துக்கு ஒரு சேகரிப்பு நாணயம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சித்திரைப் புத்தாண்டு நெருங்கும் நாட்களில் தங்கள் பத்திரிகை உட்படத் தமிழ்ப் பத்திரிகைகள் எல்லாம் வாக்கிய பஞ்சாங்கத்தின்படியும் திருக்கணித பஞ்சாங்கத்தின்படியும் மருத்துநீர் வைக்கும் நேரம், கைவிசேட நேரம் ஆகியவற்றைத் தனித்தனியே தந்துவருகின்றன. அந்தப் பகுதியை வெட்டிச் சாமியறைக் கதவில் ஒட்டிவைக்கும் வழக்கம் வன்னியில் இன்றும் பல வீடுகளில் உண்டு. எந்த நேரத்தில் கொடுப்பது என்பதில் நாம் இவ்வளவு கருத்தாக இருந்தும், எதைக் கொடுப்பது என்பதைப் பற்றி எங்கும் பேச்சு எழுவதாகத் தெரியவில்லை. புத்தாண்டுக் கைவிசேடத்திலும், நத்தார்ப் பரிசிலும், பெருநாள் காசிலும், பிள்ளைகள் பேணிவைக்கத்தக்க ஒரு நாணயத்தையேனும் சேர்த்துக் கொடுக்கும் பழக்கத்தை எங்கள் பகுதிப் பெரியவர்கள் தொடங்கவேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கைவிசேடம் என்பது வெறும் பணக்கொடை அல்ல என்பதை நாம் எல்லோரும் அறிவோம். வெற்றிலை, பாக்கு, பூ, நெல்மணி, இவற்றோடு ஒரு காசு என்று வலது கையால் எடுத்து, பிள்ளையின் இரு கைகளிலும் வைத்து, பிள்ளை காலில் விழுந்து எழும்பியதும் திருநீறு பூசி அனுப்புவது எங்கள் முறை. அந்தக் காசு முன்னர் பெரும்பாலும் குற்றியாகவே இருந்தது. இப்போது வங்கியில் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்கிய, மடிப்புக் குலையாத நூறு ரூபா, ஐந்நூறு ரூபா, ஆயிரம் ரூபாத் தாள்களே கைமாறுகின்றன. வசதியுள்ளவர்கள் ஐயாயிரமும் கொடுக்கிறார்கள். அவை அன்று பின்னேரத்துக்குள் கடைக்கோ, தொலைபேசிக்கு ரீலோட் போடவோ, அம்மாவின் கைச்செலவுக்கோ போய்விடுகின்றன. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நாட்கூலிக்குப் போகும் தகப்பனுக்கு, தன் பிள்ளைக்கு மாமன் கொடுத்த ஆயிரம் ரூபா ஒரு கொப்பிச் செலவையோ ஒரு சோடிச் சப்பாத்தையோ ஈடுசெய்யுமானால் அது நல்ல காரியமே. தாளை நிறுத்தும்படி நான் கேட்கவில்லை; தாளோடு சேர்த்து, செலவழிக்கத் தோன்றாத ஒரு நாணயத்தையும் வைக்கும்படியே கேட்கிறேன். தாள் அந்த நாளின் தேவைக்கு உதவட்டும். நாணயம் பிள்ளையிடம் இருக்கட்டும்.

இந்த வேண்டுகோளை வன்னியிலிருந்து வைப்பதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. மற்ற ஊர்களில் பழைய வீடொன்றின் றங்குப்பெட்டியைத் திறந்தால் அடியில் ஒரு துணிமுடிச்சில் விக்டோரியா மகாராணி காலத்துச் செப்புச் சதமோ, ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலை பொறித்த வெள்ளி ஐம்பது சதமோ கிடைக்கும். அம்மம்மாவின் அம்மா முடிந்துவைத்தது என்று அதற்கு ஒரு வரலாறும் இருக்கும். எங்கள் பகுதியில் அப்படிப்பட்ட பெட்டிகள் மிக அரிது. ஒருமுறை அல்ல, பலமுறை இடம்பெயர்ந்தவர்கள் நாங்கள். கிளிநொச்சியிலிருந்து கிழக்கே தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வோர் இடமாக நகர்ந்து 2009 இல் செட்டிகுளம் முகாம்களுக்குள் வந்துசேர்ந்தபோது, கையில் அடையாள அட்டையும் காணி உறுதியும் தங்கியதே பெரிய காரியமாக இருந்தது. தாலிக்கொடியின் இரு பக்கமும் கோத்திருந்த பவுண் காசுகளையே விற்று அரிசி வாங்கிய குடும்பங்கள் உள்ள மண்ணில், பழைய செப்புச் சதங்களை யார் சுமந்துவந்திருக்க முடியும்? ஆகையால், தலைமுறை கடந்து கைமாறிவரும் சிறு பொருள் ஒன்றைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு மீள்குடியேற்றத்துக்குப் பின் இங்கே பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இல்லாமல் போயிற்று. அவர்கள் தங்கள் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டப்போகும் பழைய பொருள் இனித்தான் அவர்கள் கைக்கு வரவேண்டும். அதற்கு விலையுயர்ந்த எதுவும் தேவையில்லை. பத்து ரூபாக் குற்றி ஒன்றே போதும்.

பத்து ரூபா என்று நான் சொல்வதற்குக் காரணம், இலங்கை மத்திய வங்கி 2013 ஆம் ஆண்டு பொறித்து வெளியிட்ட மாவட்ட நாணயங்கள். நாட்டின் 25 நிருவாக மாவட்டங்களுக்கும் மாவட்டத்துக்கு ஒன்றாக, பத்து ரூபாப் பெறுமதியில் 25 குற்றிகள் வெளிவந்தன. கிளிநொச்சிக்கு ஒன்று, முல்லைத்தீவுக்கு ஒன்று, வவுனியாவுக்கு ஒன்று, மன்னாருக்கு ஒன்று. எங்கள் நான்கு மாவட்டங்களும் ஒரே வரிசையில், நாடு முழுவதற்கும் உரிய நாணயத்தில் இடம்பெற்றமை சிறிய விடயம் அல்ல. ஆயினும் அவை சில்லறையோடு சில்லறையாகக் கைமாறிப் போனபோது, பஸ் மிச்சக்காசில் தன் ஊர் வந்திருப்பதை அறியாமலே நம்மில் பலர் அடுத்த கடையில் அதைக் கொடுத்துவிட்டோம். எங்கள் சந்தியில் உள்ள பலசரக்குக் கடையில் ஒரு மாணவன், கடைக்காரர் லாச்சியிலிருந்து மேசையில் கொட்டிய பத்து ரூபாக் குற்றிகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, முல்லைத்தீவைத் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அம்பாந்தோட்டையும் கேகாலையும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன, தேடியது வரவில்லை. ஆனாலும் அந்த மேசையடியில் நின்றே அவன் 25 மாவட்டங்களின் பெயர்களையும், எது எந்த மாகாணத்தில் உள்ளது என்பதையும் ஒப்புவித்தான். வன்னித் தேர்தல் மாவட்டத்தில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்றும் அடங்குகின்றன என்பதையும், கிளிநொச்சி தேர்தல் கணக்கில் யாழ்ப்பாணத்தோடு சேர்கிறது என்பதையும் கடைக்காரர் அவனுக்கு விளக்கினார். வகுப்பறையில் மனனம் செய்து மறந்துபோகும் பாடம் ஒன்று ஒரு குற்றியைத் தேடும் ஆவலால் நிலைத்து நின்றது.

அமெரிக்காவிலும் 1999 முதல் 2008 வரை, 50 மாநிலங்களுக்கும் மாநிலத்துக்கு ஒன்றாகக் கால் டொலர் நாணயங்கள் வெளியிடப்பட்டபோது, அதற்கு முன் நாணயச் சேகரிப்பைப் பற்றி நினைத்தே பார்க்காத குடும்பங்கள் வரைபட அட்டை வாங்கி ஒவ்வொரு குழியாக நிரப்பத் தொடங்கின. சேகரிப்பு என்பது செல்வந்தரின் பொழுதுபோக்கு என்ற எண்ணத்தை மாற்றியது அந்த வரிசை. எங்கள் மாவட்ட வரிசைக்கும் அதே ஆற்றல் உண்டு. ஒரு குடும்பத்தில் பெரியப்பா ஒரு மாவட்டம், சித்தி ஒரு மாவட்டம், மாமி ஒரு மாவட்டம் என்று ஆண்டுதோறும் ஒவ்வொன்றாகக் கொடுத்துவந்தால், அந்தப் பிள்ளை உயர்தரம் எழுதும் வயதுக்குள் முழு வரிசையும் சேர்ந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பெட்டியோடு வாங்கிக் கொடுப்பதைவிட இதுவே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் ஒவ்வொரு குற்றியும் கொடுத்தவரின் பெயரோடும் கொடுத்த ஆண்டோடும் சேர்ந்தே பிள்ளையின் மனதில் பதியும்.

இவற்றுக்கு முந்திய நினைவு நாணயங்களும் பல உள்ளன. 1957 இல் புத்த ஜயந்தியின் 2500 ஆவது ஆண்டை ஒட்டி வந்த வெள்ளி ஐந்து ரூபா, ஏறத்தாழ 28 கிராம் எடையுள்ள பெரிய குற்றி. அது இன்று விலை கூடியது, எல்லோராலும் கொடுக்க இயலாது. 1976 இல் கொழும்பில் நடந்த அணிசேரா நாடுகளின் உச்சி மாநாட்டுக்கான இரண்டு ரூபா, ஐந்து ரூபா நாணயங்களோ, 1931 இல் இந்நாட்டுக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்ததன் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்கு 1981 இல் வந்த ஐந்து ரூபாவோ, சுதந்திரப் பொன்விழாவுக்கு 1998 இல் இரண்டு உலோகங்கள் சேர்த்துச் செய்த பத்து ரூபாவோ அப்படியல்ல. பழைய காசு வைத்திருப்பவரிடம் நல்ல நிலையில் உள்ள ஒன்றைச் சாதாரண விலைக்கே வாங்கலாம். முதன்முறை வாக்களிக்கப் போகும் பேத்திக்கு அந்த 1981 ஆம் ஆண்டு ஐந்து ரூபாவைக் கைவிசேடமாகக் கொடுப்பதைவிடப் பொருத்தமான பரிசு எனக்குத் தோன்றவில்லை. ஆசியாவில் இவ்வளவு முன்கூட்டியே ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்த நாடு இது என்பதை அந்தக் குற்றியைக் காட்டியே அவளுக்குச் சொல்லலாம்.

பிரித்தானியர் காலத்துச் சதங்களையும் அவற்றுக்குப் பின் வந்த சதங்களையும் மறந்துவிடக்கூடாது. நடுவில் பனை இன மரம் ஒன்று நிற்கும் 1870 ஆம் ஆண்டுச் செப்புச் சதம், மூலைகள் மழுங்கிய சதுர வடிவ ஐந்து சதம், 1944 முதல் வந்த, பூவிதழ் போல விளிம்பு வளைந்த இரண்டு சதமும் பத்துச் சதமும், 1963 இல் அரசியின் தலை நீங்கி இலங்கைச் சின்னம் ஏறிய வரிசையின் பாரமற்ற அலுமினிய ஒரு சதம், இவற்றை ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். வடிவமும் பாரமும் உலோகமும் ஒன்றுக்கொன்று வேறுபடுவதைக் கண்டதும் பிள்ளை தானாகவே கேள்வி கேட்கத் தொடங்கும். பிரித்தானியர் காலத்துச் சதத்திலும் சிங்களத்தோடு தமிழிலும் பெறுமதி பொறிக்கப்பட்டிருப்பதை எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது பிள்ளையின் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

புலம்பெயர்ந்து வாழும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மார்கழி விடுமுறைக்கும், ஆடி ஆவணித் திருவிழாக் காலத்துக்கும் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் வரும் மாமாமாரும் சித்தப்பாமாரும் சொக்கலேற்றுக்கு அடுத்தபடியாக நினைவு நாணயம் என்று பெயரிட்ட வெல்வெற் பெட்டிகளைக் கொண்டுவருகிறார்கள். அன்போடு கொண்டுவருவதைக் குறை சொல்வது முறையல்ல. ஆனால் அப்பெட்டிகளில் உள்ளவற்றில் சில நாணயங்களே அல்ல. பொன்முலாமோ வெள்ளிமுலாமோ பூசிய பதக்கங்கள். எந்த அரசும் அவற்றை வெளியிடவில்லை, எந்தப் பெறுமதியும் அவற்றில் பொறிக்கப்படவில்லை. உடன் வரும் அழகான சான்றிதழ் அவற்றைச் செய்த நிறுவனம் தானே அச்சிட்டது. வாங்குமுன் மூன்று விடயங்களைப் பார்த்தால் போதும்: வெளியிட்ட நாட்டின் பெயர், முகப்பெறுமதி, உலோகமும் எடையும். கனடாவின் மேப்பிள் இலை வெள்ளி நாணயத்தில் ஐந்து டொலர் என்ற பெறுமதியும் 9999 என்ற தூய்மையும் பொறிக்கப்பட்டிருக்கும். அதன் எடை ஓர் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம். தராசில் அந்த எடைக்கு வராத அல்லது காந்தத்தில் ஒட்டும் ஒன்று அந்த நாணயமாக இருக்கமுடியாது. இதைப் போலியாகச் செய்து விற்பவர்கள் உள்ளதால், அறிமுகமில்லாத இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கவேண்டாம்.

உண்மையில் அவர்கள் பணம் கொடுத்து எதையும் வாங்கவேண்டிய அவசியமே இல்லை. தங்கள் அன்றாடச் சில்லறையிலிருந்து தெரிந்தெடுத்துக் கொண்டுவந்தாலே போதும். சுவிற்சர்லாந்தின் பத்து ராப்பன் குற்றி 1879 முதல் அதே உருவத்தில் வந்துகொண்டிருக்கிறது. மிகப் பழைய ஆண்டு பொறித்த குற்றி ஒன்று இன்றும் அங்கே ஒரு கடைக்காரரின் மிச்சக்காசில் வந்துசேரலாம். யூரோ நாடுகளில் 2004 முதல் வெளிவரும் இரண்டு யூரோ நினைவு நாணயங்கள் ஒவ்வொரு நாட்டின் வரலாற்றையும் பொறித்துச் சாதாரணப் புழக்கத்திலேயே சுற்றுகின்றன. பிரித்தானியாவின் ஐம்பது பென்ஸ் வரிசையும் அப்படித்தான். அதில் 2009 இல் வந்த கியூ பூங்கா நாணயம் 210,000 மட்டுமே புழக்கத்துக்கு விடப்பட்டமையால் அதைத் தேடாத சேகரிப்பாளர் அங்கே இல்லை. கனடா 2012 இல் ஒரு சதத்தை அச்சிடுவதையே நிறுத்திவிட்டது. ஒரு நாடு தன் மிகச் சிறிய காசை ஏன் கைவிடுகிறது என்ற கேள்விக்கு அந்தச் செப்பு நிறக் குற்றியை வைத்தே பிள்ளைக்குப் பொருளாதாரம் சொல்லிக் கொடுக்கலாம். எங்கள் சதங்கள் எங்கே போயின என்பதற்கும் அதுவே விடை. மாமா அங்கே பேக்கரியில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது கையில் கிடைத்தது என்று சொல்லிக் கொடுக்கும் ஒரு குற்றி, மாமாவின் வாழ்க்கையையும் சேர்த்து இங்கே கொண்டுவருகிறது. பெட்டியில் வரும் பதக்கத்தால் அது முடியாது.

விழாநாளில் நாணயத்தைப் பரிசளிப்பது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. ரோமப் பேரரசர் ஒகஸ்தஸ், மார்கழியில் வரும் சதுர்நாலியா விழாவின்போது, பழைய அரசர்களின் நாணயங்களையும் வெளிநாட்டு நாணயங்களையும் நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார் என்று அந்நாட்டு வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். செலவுக்குரிய காசை அன்றி, பார்த்து மகிழ்வதற்குரிய காசைத் தெரிந்தெடுத்துக் கொடுத்திருக்கிறார் என்பதே இதில் கவனிக்கத்தக்கது. ரோம நாடு எங்கோ தொலைவில் உள்ளதென்று நாம் எண்ணத் தேவையில்லை. திருக்கேதீச்சரம் அமைந்துள்ள மாதோட்டத் துறையில், எங்கள் மன்னார் மண்ணிலேயே ரோம நாணயங்கள் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையையும் அழுத்தமாகச் சொல்லவேண்டியிருக்கிறது. வயல் உழும்போதோ, கிணறு வெட்டும்போதோ, குளக்கட்டுத் திருத்தும்போதோ கிடைக்கும் பழங்காசுகளைப் பரிசாகக் கொடுப்பதும் வாங்குவதும் கூடாது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அவ்வாறு கிடைத்தவற்றை மறைப்பதும் விற்பதும் குற்றம். சட்டத்துக்கு அஞ்சி மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. நந்தியும் ‘சேது’ என்ற தமிழ்ச் சொல்லும் பொறித்த யாழ்ப்பாண அரசர் காலத்து நாணயம் ஒன்று எந்த ஊரில், எந்த மண்படையில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதை அறிந்தால்தான் அது வரலாற்றுச் சான்றாகும். அதை எடுத்துக் கழுவி ஒருவர் கையில் கொடுத்துவிட்டால் அது வெறும் செப்புத் துண்டு. வன்னியின் பழைய வரலாற்றைப் பற்றி எழுத்தில் உள்ள சான்றுகள் சொற்பம். மண்ணுக்குள் இருப்பவையே எங்கள் ஏடுகள். புதையல் தேடிக் காட்டுக்குள் இயந்திரத்தோடு அலைபவர்களால் அந்த ஏடுகள் கிழிக்கப்படுவதைச் செய்திகளில் படிக்கும்போதெல்லாம் மனம் நோகிறது. அப்படியொன்று கண்ணில் பட்டால் கிடந்த இடத்திலேயே படமெடுத்து, கிராம அலுவலருக்கும் தொல்லியல் திணைக்களத்துக்கும் அறிவிப்பதே முறை.

பெற்றுக்கொள்பவர்கள் செய்யவேண்டியவற்றையும் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் நல்ல நாணயங்கள் பெரும்பாலும் அன்பு மிகுந்த கைகளாலேயே கெடுகின்றன. குத்துவிளக்கையும் செம்பையும் பழப்புளியும் சாம்பலும் போட்டு மினுக்கிய கைகள், கறுத்துப்போன வெள்ளிக் குற்றியைக் கண்டதும் அதையும் அவ்வாறே தேய்க்கப் பார்க்கின்றன. அந்தக் கறுப்பு அழுக்கு அல்ல; காற்றோடு வெள்ளி சேர்ந்து பல்லாண்டுகளாகப் படிந்த மெல்லிய படலம். அதைத் தேய்த்தால் நாணயத்தின் மேற்பரப்பே சேர்ந்து போய்விடும், அரசரின் கூந்தல் இழைகள் மழுங்கும், சேகரிப்பாளர் பார்வையில் அதன் பெறுமதி பாதிக்கும் கீழே இறங்கும். பித்தளை மினுக்கும் திரவங்கள் இன்னும் கேடானவை. மண் ஒட்டியிருந்தால் நல்ல தண்ணீரில் நனைத்து, பருத்தித் துணியில் தேய்க்காமல் ஒற்றியெடுத்தால் போதும். கைவிசேடம் கொடுக்கும்போது ஈர வெற்றிலையில் நாணயத்தை நேரடியாக வைக்காமல் சிறு காகித உறையில் இட்டு வெற்றிலைமேல் வையுங்கள். குங்குமமும் சந்தனமும் உறைக்கு இடுங்கள், நாணயத்துக்கு வேண்டாம். பிள்ளைகளுக்கு விளிம்பைப் பிடித்துத் தூக்கப் பழக்குங்கள். வியர்வைக் கையின் விரலடையாளம் செப்பில் ஏறினால் அது பின்னர் போவதில்லை.

வைக்கும் இடத்தைப் பற்றியும் கவனம் வேண்டும். எங்கள் பகுதியின் கோடை வெப்பமும் ஐப்பசி, கார்த்திகை மாரியின் ஈரமும் மாறிமாறி வருவதால் உலோகம் விரைவில் பழுதடைகிறது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மெத்தென்ற பிளாஸ்ரிக் உறைகள் சில ஆண்டுகளில் பசைபோலக் கசிந்து, நாணயத்தில் பச்சை நிறமாகப் படியும். தடித்த வெள்ளைக் காகிதத்தில் மடித்த உறையே அவற்றைவிட நல்லது. அதை இறுக்கமாக மூடும் தகரப்பெட்டியில் இட்டு, சுவரோடு ஒட்டாமல், நிலத்திலிருந்து உயரமாக வைத்தால் போதுமானது. ஓட்டை போட்டுச் சங்கிலியில் கோப்பதும், வளையம் ஒட்டிப் பதக்கமாக்குவதும் வேண்டாம். உறையின்மேல், நாணயத்தை உள்ளே இடுமுன், யார் கொடுத்தது, எந்த ஆண்டு, எந்த விழா என்பதைப் பிள்ளையின் கையெழுத்திலேயே எழுதவைக்க வேண்டும். சந்தையில் பத்து ரூபாவாக இருக்கும் குற்றி குடும்பத்துக்குள் விலைமதிப்பற்றதாக மாறுவது அந்த ஒரு வரியால்தான். கொடுத்தவர் மறைந்த பின் அந்த உறையைக் கையில் எடுக்கும் பிள்ளைக்கு அதன் அருமை விளங்கும்.

கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்க, மூத்தவனுக்கு வெள்ளி நாணயமும் மற்றவர்களுக்குச் சாதாரணக் குற்றியும் கொடுத்தால் மகிழ்ச்சிக்குப் பதில் மனக்குறையே மிஞ்சும். பெறுமதியில் ஒத்த, வடிவத்தில் வேறான நாணயங்களைத் தெரிந்தெடுத்தால் பிள்ளைகள் தங்களுக்குள் காட்டிப் பேசி, மாற்றிக்கொள்ளவும் பழகுவார்கள். இது நாளைக்கு இலட்சக்கணக்கில் விலைபோகும் என்ற ஆசையைக் காட்டியும் கொடுக்கவேண்டாம். பெருந்தொகையாக வெளியிடப்பட்ட நினைவு நாணயங்கள் பெரும்பாலும் விலை ஏறுவதில்லை. முதலீடு என்று சொல்லிக் கொடுத்தால், விலை ஏறாதபோது பிள்ளைக்கு நாணயத்திலும் கொடுத்தவரிலும் நம்பிக்கை போய்விடும்.

இறுதியாக, பொறுப்புள்ளவர்களிடம் சில வேண்டுகோள்கள். இலங்கை மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் கிளிநொச்சியில் உள்ளது. புத்தாண்டுக்கும் நத்தாருக்கும் முந்திய வாரங்களில் அந்த அலுவலகத்தினூடாக நினைவு நாணயங்களை முகப்பெறுமதிக்கோ உரிய விலைக்கோ எங்கள் மக்கள் நேரில் பெற்றுக்கொள்ள ஒழுங்குசெய்தால், அதற்காகக் கொழும்பு கோட்டை வரை போகவேண்டிய நிலை ஒருவருக்கும் வராது. மல்லாவி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, நெடுங்கேணி, பூநகரி போன்ற இடங்களிலுள்ள வங்கிக் கிளைகள் புதுத்தாள் கொடுக்கும் அதே நாட்களில் புழங்காத புதுக் குற்றிகளையும் சிறு பொதிகளாகக் கொடுக்கலாம். பாடசாலைகள் ஆண்டிறுதிப் பரிசளிப்பில் கிண்ணத்தோடு ஒரு மாவட்ட நாணயத்தைச் சேர்க்கலாம். அதற்குச் செலவு பத்து ரூபா.

தங்கள் பத்திரிகையிடமும் ஒன்று கேட்கிறேன். கைவிசேட நேரம் வெளியாகும் பக்கத்திலேயே, ஆண்டுக்கு ஒரு நாணயமாக, இரு பக்கப் படங்களோடு, அது எந்த ஆண்டு, எதற்காக வெளியானது என்ற சிறு குறிப்பையும் சேர்த்து வெளியிடுங்கள். வரும் புத்தாண்டில் முல்லைத்தீவு மாவட்ட நாணயத்தோடு தொடங்கலாம். அதற்குரிய படங்களையும் குறிப்பையும் முன்கூட்டியே அனுப்பிவைக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.